பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து வேதத்துக்கு ஒரு வழி

பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவரும் சீக்கிரத்திலேயே ஒரு பாதிரியாரின் புத்தகத்துக்கு வந்து சேர்வார்கள். இடையன்குடியில் 1841 முதல் ஊழியம் செய்த ராபர்ட் கால்டுவெல், திருநெல்வேலிச் சீமையின் சரித்திரத்தை 1881இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மேஜர் பானர்மேன் 1799இல் படையோடு வந்தது, கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது, 1801இல் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்து இடிந்த கோட்டையை மறுபடி எழுப்பியது, தூத்துக்குடியையே பிடித்தது, கடைசியில் கும்பினிப் படை அந்தக் கோட்டையைத் தரைமட்டமாக்கியது எல்லாம் அதில் இருக்கின்றன. கால்டுவெல் கும்பினியின் பக்கம் நின்று எழுதியவர். அந்த எதிர்ப்பின் உறுதியை மட்டும் அவரால் மறைக்க முடியவில்லை.

அந்த ஊருக்குப் போனால் ஜக்கம்மா கோயில் இருக்கிறது. 1974இல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை இருக்கிறது. அந்தச் சண்டையில் செத்த வெள்ளைக்காரப் படையாட்களின் கல்லறைகளும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பாஞ்சாலங்குறிச்சிக்காரர் ஒருவருக்குக் கிறிஸ்தவம் முதலில் கண்ணில் படுவது இந்தக் கல்லறைகளின் வழியாக, கால்டுவெல்லின் வழியாக. பீரங்கி கொண்டுவந்தவனும் பைபிள் கொண்டுவந்தவனும் ஒரே கப்பலில் இறங்கியவர்கள் என்ற எண்ணம் அங்கே எளிதில் வேர்பிடிக்கும்.

ஒட்டப்பிடாரம் பக்கத்து இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “அண்ணாச்சி, கிறிஸ்தவம்னா என்னன்னு ஒழுங்காத் தெரிஞ்சுக்கணும். மதம் மாறுறதுக்கில்ல. சுத்தி இருக்கவங்க பாதிப்பேரு வேதக்காரங்க. எதுல ஆரம்பிக்க?” நல்ல கேள்வி. இதற்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில், ஒரு பைபிளைக் கையில் கொடுத்து முதல் பக்கத்திலிருந்து படி என்பது. அப்படித் தொடங்கியவர்களில் பலர் ஆதியாகமத்தை ஆவலோடு முடித்து, யாத்திராகமத்தின் பாதியில் தளர்ந்து, லேவியராகமத்தின் பலிச்சட்டங்களில் மூடி வைத்துவிடுகிறார்கள். அவருக்கு வேறு வழி சொல்ல விரும்பினேன். தூத்துக்குடி அங்கிருந்து சுமார் 18 கிலோமீட்டர்தான். வேதம் முதன்முதலில் தமிழ் அச்சுக்கு வந்ததன் வேர் அந்தக் கடற்கரையில் கிடக்கிறது. அதை விட்டுவிட்டுச் சென்னையிலும் வெளிநாட்டிலும் அச்சான அறிமுக நூல்களில் தொடங்குவானேன்?

முத்துக்குளித்துறை என்ற அந்தக் கடற்கரையில் கிறிஸ்தவம் அதிகாரத்தோடு ஒட்டித்தான் வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முத்துக்குளிப்பில் தங்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் மூண்ட பகையில் பரதவர்கள் கொச்சியிலிருந்த போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டுப் போனார்கள். 1530களின் நடுவில் ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. தண்ணீர் ஊற்றியாயிற்று, பெயர் வைத்தாயிற்று. எதை நம்புகிறோம் என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அவர்கள் பேசுவது வந்தவர்களுக்குப் புரியாது, வந்தவர்கள் பேசுவது இவர்களுக்குப் புரியாது.

1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது நிலைமை இதுதான். அவர் ரோமாபுரிக்கு எழுதிய 1544 ஜனவரிக் கடிதத்தில் தாம் செய்ததை விவரிக்கிறார். இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்த சிலரைத் தேடிப்பிடித்தார். சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கற்பனைகள் எனப்படும் பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை ஆகியவற்றை அவர்களை வைத்துத் தமிழாக்கினார். தாமே அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டினார். நாளுக்கு இரண்டு முறை, ஒரு மாதம். கற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய்தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஊருக்கு அவர் கிளம்பியபோது விட்டுவந்தது இந்த ஏற்பாட்டை.

இதில் சவேரியாரை எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரண்டு மொழி தெரிந்தவர்களும், அவர் ஊர் ஊராக நியமித்த கணக்கப்பிள்ளைகளும்தான். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும், சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும், கல்யாணம் பேசுவதைக் கவனிக்கவும் ஊருக்கு ஒருவர். பிற்காலத்தில் உபதேசியார் என்று நாம் அழைத்தவர்களின் முன்னோடிகள் இவர்கள்தான். இவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதை அந்த இளைஞரிடம் விரிவாகச் சொன்னேன். முத்துக்குளித்துறையிலிருந்து போர்த்துக்கல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று ஆண்டுக்கு 4000 பணம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பணத்தைக் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்கு விட்டுக்கொடுக்கும்படி சவேரியார் கேட்டார். அரசியும் கொடுத்தார். மூச்சடக்கிக் கடலுக்கடியில் இறங்கியவன் எடுத்த சிப்பியிலிருந்து வந்த காசு, ஒரு சுற்றுச் சுற்றி, அவன் பிள்ளைக்கு ஜெபம் கற்றுக்கொடுத்தவரின் கைக்குத் திரும்பியது. அந்தக் கணக்கப்பிள்ளைகளில் யாருடைய பெயரும் இன்று கோயில் சுவரில் இல்லை.

சவேரியார் இங்கே இருந்தது கொஞ்ச காலம்தான். அவருக்குப் பின் 1547இல் வந்த அன்றீக் அன்றீக்கஸ் என்ற அன்றிக் அடிகளார் சாகும்வரை தங்கிவிட்டார். அவர் போர்த்துக்கலின் வில விசோசா ஊர்க்காரர், யூத வம்சத்தில் வந்தவர். அந்தப் பிறப்பைக் காரணம் காட்டி ஒரு துறவற சபை அவரை வெளியேற்றியது. இயேசு சபையில் இடம் கிடைத்ததற்கும் தனி அனுமதி வேண்டியிருந்தது. சொந்த மண்ணில் பிறப்பைச் சொல்லித் தள்ளப்பட்டவர், இங்கே மீனவர் பேசிய தமிழைக் காதால் கேட்டு, வினைச்சொல் வினைச்சொல்லாக வகைப்படுத்தி ஓர் இலக்கணமே எழுதினார். அதன் கையெழுத்துப்படி லிஸ்பனில் இருக்கிறது.

அந்த உழைப்பின் பலன்தான் 1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சாகி இன்று நம் கைக்குக் கிடைக்கும் புத்தகங்களில் இதுவே முதலாவது. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது. அது குருவும் சீடனும் கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொள்ளும் நூல். பாவசங்கீர்த்தனம் செய்வதற்கான கையேடு 1580இல் வந்தது. 1586இல் அறுநூறு பக்கங்களுக்கு மேல் விரியும் ‘அடியார் வரலாறு’ வந்தது. அச்சு எழுத்து வார்க்கவும் புத்தகம் போடவும் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள்.

‘தம்பிரான் வணக்க’த்தின் ஒரே பிரதி கடல்கடந்து அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் கிடக்கிறது என்று சொல்லி வருத்தப்படுபவர்கள் உண்டு. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் 1960களில் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் இந்த நூல்களை மறுபடி அச்சிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இயேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் அடிகளார் ‘அடியார் வரலாறு’ நூலை 1967இல் பதிப்பித்தார். முந்நூற்றெண்பது ஆண்டு கழித்து அந்தப் புத்தகம் அது எழுதப்பட்ட மக்களின் ஊரிலிருந்தே திரும்ப வெளிவந்தது.

கிறிஸ்தவத்தை அறிய வருபவர் இந்த நூல்களை எதற்குப் படிக்க வேண்டும்? இறையியல் ஆழம் தேடினால் இவற்றில் அவ்வளவு கிடைக்காது. ஒரு மதம் தனக்கு இன்றியமையாதது என்று எதைக் கருதுகிறது என்பது, எழுத்தறியாத ஒருவருக்கு முதல் வாரத்தில் எதைச் சொல்லிக்கொடுக்கிறது என்பதில் தெரிந்துவிடும். இந்தப் பதினாறு பக்கத்தில் கடவுள் யார், கிறிஸ்து யார், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, எப்படி வேண்டுவது என்பவை மட்டும்தான் இருக்கின்றன. பின்னால் வரும் ஆயிரம் பக்கத்தையும் தாங்கும் எலும்புகள் இவைதான். ‘அடியார் வரலாறு’ அந்த எலும்புக்கு மேல் சதை. தியாகம், பொறுமை, தர்மம் என்றால் என்ன என்பதை ஆட்களின் கதையாகச் சொல்கிறது. நம் ஊரில் கதை கேட்டு வளர்ந்த யாருக்கும் இது பிடிபடும்.

மனப்பாடத்தின் வலிமைக்கு ஒரு சோதனையும் வந்தது. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். கோயில்களைப் பறித்தார்கள். தங்கள் சபைக்கு வரும்படி பரதவர்களை அழைத்தார்கள். சலுகை அந்தப் பக்கம் இருந்தும் பரதவர்கள் போகவில்லை. பாதுகாப்புக்காகத்தான் மதம் மாறினார்கள் என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேறில்லை என்று நினைக்கிறேன். நூறாண்டுக்கு முன் காரணம் எதுவாகவும் இருந்திருக்கலாம். இடையில் மூன்று தலைமுறை அந்தியில் உட்கார்ந்து ஜெபம் சொல்லியிருக்கிறது. சொல்லிச் சொல்லியே அது அவர்களுடையதாகிவிட்டது.

கரையிலிருந்து உள்நாட்டுக்கு வந்தால் கோவில்பட்டிப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டி. வீரமாமுனிவர் தம் தொடக்க ஆண்டுகளில் ஊழியம் செய்த கரிசல் ஊர் இது. அவருடைய ‘தேம்பாவணி’யைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். சூசையப்பரைத் தலைவனாக வைத்து 3615 பாடலில் எழுந்த காப்பியம் அது. கம்பனும் சீவகசிந்தாமணியும் படித்துப் பழகிய வாசகருக்கு அது நல்ல வாசல்தான். ஆனால் அவர் வேதியர்களுக்காக எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலையும் கையிலெடுக்கச் சொல்வேன். அந்த நூலில் பேசப்படுபவர்கள் கணக்கப்பிள்ளைகளின் வாரிசுகளான உபதேசிகள். சொல்லிக்கொடுக்கப் போகிறவன் முதலில் எப்படி வாழ வேண்டும் என்பது அதன் விஷயம். ஒரு மதத்தைப் போதிப்பவர்களிடம் அந்த மதம் என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்வதும் அதை அறிவதில் சேர்த்திதான்.

இனித் தெற்கே செம்மணல் பரந்த தேரிக்காடு. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பானர்மேன் பிடித்த அதே 1799இல்தான் சாத்தான்குளத்துக்கு அருகே முதலூர் உண்டாயிற்று. அதை உண்டாக்கியவர் வெள்ளைக்காரர் இல்லை. தாவீது சுந்தரானந்தம் என்ற உள்ளூர் உபதேசியார், புதிதாகக் கிறிஸ்தவர்களாகித் துன்பப்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு அமைத்த குடியிருப்பு அது. ஒரே சீமையில், ஒரே ஆண்டில், வடக்கே ஒரு பாளையம் அழிகிறது, தெற்கே பனங்காட்டுக்குள் ஓர் ஊர் பிறக்கிறது. இந்த இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துப் பார்க்கும் சரித்திரப் புத்தகம் ஒன்று எனக்கு வேண்டும்.

தேரிக்காட்டில் கற்றுக்கொடுத்த முறை வேறு. கடற்கரை ஜெபத்தை மனப்பாடம் செய்தது. இங்கே எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னார்கள். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஊருக்கு ஒரு கோயில், கோயிலுக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று பரப்பினார். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாடு, பிறகு பப்ரிசியஸ் செய்த மொழிபெயர்ப்பு, ரேனியஸ் செய்த திருத்தங்கள், 1871இல் பவர் தலைமையில் முடிந்த பொதுப் பதிப்பு என்று வேதப்புத்தகம் மாறி மாறி வந்துகொண்டிருந்தது. பனையேறியின் மகன் அதை உரக்க வாசிக்க, எழுத்தறியாத தகப்பன் கேட்டார். நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், இடையன்குடி எல்லாம் இப்படி எழுந்த ஊர்கள்.

சாயர்புரத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அங்கிருந்த மிஷன் பள்ளிக்கு 1853இல் தமிழ் கற்பிக்க வந்தவர் கரையிருப்பைச் சேர்ந்த கிருஷ்ண பிள்ளை என்ற வைணவர். கம்பராமாயணத்தில் ஊறியவர். அவருக்கு ஒருவரும் பாடம் நடத்தவில்லை. தம்மைச் சுற்றி இருந்தவர்கள் படித்ததைத் தாமும் படித்தார், பேசினார், தடுமாறினார். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் கதையைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூலாக வந்தது. வெளியிலிருந்து வந்து கிறிஸ்தவத்தைப் படிக்க விரும்பும் தமிழ் வாசகர்களுக்கு அவரைப்போல் ஒரு வழித்துணை கிடைக்காது. நமக்கு எழும் கேள்விகள் அவருக்கும் எழுந்தவை. நம் காது பழகிய ஓசையிலேயே அவர் விடை தேடினார். மதம் மாறினாலும் மாறாவிட்டாலும் இந்த உதவி உதவிதான்.

கடற்கரைக் கத்தோலிக்கரும் தேரிக்காட்டுச் சீர்திருத்த சபையாரும் ஒருவர் புத்தகத்தை ஒருவர் படித்ததில்லை. நெடுங்காலம் இதுதான் நிலை. மணப்பாட்டுக்காரருக்குச் சீர்திருத்த சபைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் தெரியாது. நாசரேத்துக்காரருக்கு அன்றிக் அடிகளார் தெரியாது. ஒரு மணிநேரப் பேருந்துப் பயணத் தூரத்தில் இரண்டு தனித்தனி உலகம். ஒரு பக்கம் செபமாலையும் அடியார்களும், மறுபக்கம் வசனமும் பிரசங்கமும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் கத்தோலிக்க வீடுகளில் பைபிள் தாராளமாகத் திறந்தது. இரு தரப்பாரும் சேர்ந்து உழைத்த ‘திருவிவிலியம்’ என்ற பைபிள் மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. இன்றைக்கு அன்பியக் கூட்டங்களில் பத்து வீட்டார் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பகுதியை வாசித்துப் பேசுகிறார்கள். ஓய்வுநாள் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாட வசனம் சொல்கிறார்கள். வெளியாளாகப் போய் ஓரமாக உட்கார்ந்து கேட்கலாமா என்று கேட்டால், எனக்குத் தெரிந்தவரை இந்தக் கரையில் யாரும் மறுக்க மாட்டார்கள். டீ கொடுத்துத்தான் அனுப்புவார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வடக்கன்குளம் என்ற ஊரில் தேவசகாயம் பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்றார். அவரை 2022இல் ரோமாபுரி புனிதர் என்று அறிவித்தது. அதே வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து நடுவே சுவர் வைத்தார்கள். 1910இல்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. வழக்கும் கலகமும் அதைத் தொடர்ந்தன. தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஆ. சிவசுப்பிரமணியன் எழுதிய ‘கிறித்தவமும் சாதியும்’ இந்த வரலாற்றை ஆவணங்களோடு சொல்கிறது. கிறிஸ்தவத்தைப் புகழும் புத்தகங்களோடு இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். எல்லாரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று சொல்லும் ஒரு வேதம் நம் மண்ணின் சாதியை எதிர்கொண்டபோது எங்கே ஜெயித்தது, எங்கே தோற்றது என்று தெரியாமல் அந்த வேதத்தைத் தெரிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது. மயிலை சீனி. வேங்கடசாமி 1936இல் எழுதிய ‘கிறிஸ்தவமும் தமிழும்’ தமிழுக்கு வந்த கொடைகளைக் கணக்கிடுகிறது. அவர் கிறிஸ்தவர் இல்லை. நன்றியோடு எழுதினார். இந்த இரண்டு நூலும் ஒருவர் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது நல்லது. ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ம் ‘கொற்கை’யும் மூன்றாவது நான்காவதாக. விசுவாசம் உப்புக்காற்றில் அன்றாடம் எப்படிப் புழங்குகிறது என்பதை எந்த ஆய்வு நூலும் அவற்றைப்போல் காட்டியதில்லை.

பைபிளைத் திறப்பதற்கு இவ்வளவு முன்னுரையா என்று அந்த இளைஞர் கேட்கவில்லை, ஆனால் முகத்தில் அது தெரிந்தது. திறப்பதென்றால் மாற்கு எழுதிய நற்செய்தியில் திறக்கச் சொன்னேன். நான்கு நற்செய்திகளில் சிறியது, பதினாறே அதிகாரம், ஓர் இரவில் முடியும். முதல் அதிகாரத்திலேயே படகும் வலையும் மீனவரும் வந்துவிடுகிறார்கள். பழைய பதிப்பில் ஒருமுறை, திருவிவிலியத்தில் ஒருமுறை படிக்க வேண்டும். முதலில் பழையது, ஓசைக்காக. பிறகு புதியது, தெளிவுக்காக. அதற்கடுத்து லூக்கா, பின் அதே லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகள். அதன்பிறகு சங்கீதம். ஆதியாகமமும் யாத்திராகமத்தின் முற்பாதியும் அப்போது படித்தால் சுவைக்கும். கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல், மற்றவர்கள் பதிப்பில் 66 நூல் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். கூடுதலாக உள்ள தோபித்து, சீராக், மக்கபேயர் போன்றவற்றைக் கடைசியில் நிதானமாகப் படிக்கலாம். பவுல் எழுதிய கடிதங்களைத் தனியாகப் படிப்பதைவிடத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து படிப்பது நல்லது. உபதேசியார் என்ற ஆள் எதற்கு இருந்தார் என்பது அப்போது புரியும்.

அதற்குப் பிறகு புன்னைக்காயலுக்கு ஒரு நடை போய்வரச் சொன்னேன். தாமிரபரணி கடலில் கலக்கும் இடம். அன்றிக் அடிகளார் 1600இல் இறந்த ஊர். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அவர் காதால் கேட்டு எழுதிய தமிழின் சாயலைப் பேச்சில் இன்னும் வைத்திருக்கும் கிழவிகள் இந்தக் கரை ஊர்களில் இருக்கிறார்கள். அச்சுப் புத்தகத்தில் இப்போது இல்லாத பழைய செபங்களை, தபசுகாலத்துப் பாட்டுகளை அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவற்றை யாரும் முழுதாகப் பதிவு செய்துவிட்டதாக நான் நம்பவில்லை. கிறிஸ்தவத்தைக் கற்க வந்த வெளியாள் ஒருவரே அந்த வேலையைச் செய்தால் என்ன? கையில் செல்பேசி இருக்கிறது. அந்த அம்மாமார்களுக்குச் சொல்ல விருப்பமும் இருக்கிறது. இந்தத் தபசுகாலத்திலேயே தொடங்கலாம் என்றேன். வருகிறேன் என்றிருக்கிறார்.